கம்ப்யூட்டரில் ஒரு பயணத் திட்டம்: இருவர், ஒரு கார், திருப்பூரிலிருந்து மூணாறு

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் சில வாரங்கள் பாட்டு, படம், கேம்ஸ் என்று போய்விடும். அதன் பிறகு "இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி எழும். அப்படிக் கேட்பவர்களுக்கு இந்தப் பாடம். கணவன், மனைவி இருவர் மட்டும் காரில் போகும் இரண்டு நாள் பயணத்தை மேப், வொர்க்‌ஷீட் இரண்டையும் கொண்டு திட்டமிடப் போகிறோம். பாடம் முடியும்போது மேப்பில் வழி தேடுவது, வொர்க்‌ஷீட்டில் கணக்குப் போடுவது, பட்டியலை வரிசைப்படுத்துவது, ஒரே தாளில் பிரிண்ட் எடுப்பது ஆகிய நான்கும் கைவந்திருக்கும்.

கார்ப் பயணத்துக்குத் திட்டத் தாள் புதிய விஷயம் அல்ல. பிரான்ஸ் நாட்டின் மிஷெலின் டயர் கம்பெனி 1900ல் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. எரிபொருள் எங்கே கிடைக்கும், மெக்கானிக் எங்கே இருப்பார், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தன. மக்கள் நம்பிக்கையோடு தூரம் போனால் டயர் தேயும், புதிய டயர் விற்கும் என்பது கம்பெனியின் கணக்கு. பிரான்ஸின் கிராமப்புறச் சாலைகளில் சுற்றியவர்கள் அந்தக் கையேட்டில் தேடியதை நாம் நம் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரிலேயே தயாரித்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக நாம் எடுத்துக்கொள்ளும் வழி: திருப்பூர், பல்லடம், உடுமலைப்பேட்டை, அமராவதி நகர், சின்னாறு, மறையூர், மூணாறு. பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஞாயிறும் அதோடு ஒட்டி வரும் ஒரு விடுமுறையும்தான். அதற்குள் போய்வர ஏற்ற வழி இது. ஆனால் இதில் ஒரு கவனம் தேவை. உடுமலையைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைகிறது. யானைகள் சாலையைக் கடக்கும் இடம் அது. வனத்துறை சோதனைச்சாவடிகளில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடைக்காது. எனவே காட்டுப் பகுதியைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும். நம் திட்டம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் அமையும்.

படி 1: மேப்பில் சரியான ஊரைக் கண்டுபிடித்தல்

பிரவுசரைத் திறந்து கூகுள் மேப்ஸ் வெப்சைட்டுக்குச் செல்லுங்கள். மேலே உள்ள தேடல் கட்டத்தில் "அமராவதி நகர்" என்று மட்டும் டைப் செய்தால் குழப்பம் வரும். இதே பெயரில் பல ஊர்களில் தெருக்களும் குடியிருப்புப் பகுதிகளும் உள்ளன. ஆந்திராவில் அமராவதி, மகாராஷ்டிராவில் அமராவதி என்று நகரங்களே இருக்கின்றன. நமக்கு வேண்டியது திருப்பூர் மாவட்டம் உடுமலை வட்டத்தில், அமராவதி அணையை ஒட்டியுள்ள அமராவதி நகர். 1962ல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி இருக்கும் ஊர் இது.

ஆகவே ஊர்ப் பெயருடன் அடையாளத்தையும் சேர்த்து, "அமராவதி அணை உடுமலைப்பேட்டை" என்று தேடுங்கள். கிடைத்த இடம் சரிதானா என்று பார்க்க மவுஸின் நடுவில் உள்ள வீலை உருட்டி மேப்பைச் சிறிதாக்குங்கள். வடக்கே உடுமலையும் தெற்கே மலையும் தெரிந்தால் சரியான இடம். எந்த ஊரைத் தேடினாலும் இந்தச் சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: வழியையும் நிறுத்தங்களையும் சேர்த்தல்

1. "டைரக்‌ஷன்ஸ்" என்ற பட்டனைக் கிளிக் செய்யுங்கள். இரண்டு கட்டங்கள் தோன்றும்.

2. மேல் கட்டத்தில் திருப்பூர் என்றும், கீழ்க் கட்டத்தில் மூணாறு என்றும் கொடுங்கள். கார் படத்தைத் தேர்வு செய்யுங்கள்.

3. கட்டங்களுக்குக் கீழே உள்ள "ஆட் டெஸ்டினேஷன்" என்பதைக் கிளிக் செய்து உடுமலைப்பேட்டை, அமராவதி அணை, மறையூர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும்.

4. வரிசை மாறியிருந்தால் ஊர்ப் பெயரை மவுஸால் பிடித்து மேலே அல்லது கீழே இழுத்து விடலாம்.

இப்போது திரையில் ஒவ்வொரு பகுதியின் தூரமும் நேரமும் கிடைக்கும். உடுமலையிலிருந்து மூணாறுக்கு நேர்வழியில் சுமார் 85 கி.மீ. அணை மூணாறு சாலையிலிருந்து சற்று விலகி இருப்பதால் அங்கு போய்வர தூரம் கூடும். "சாட்டிலைட்" காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். பச்சைக் காடு எங்கே தொடங்குகிறது, மறையூருக்கு மேல் வளைவுகள் எப்படி இருக்கின்றன என்பது தெரியும்.

முக்கியமான குறிப்பு: மேப் காட்டும் நேரம் வண்டி ஓடும் நேரம் மட்டும்தான். காலை டிபன், டீ, அணையில் நின்று பார்ப்பது, சோதனைச்சாவடியில் வண்டி எண் பதிவது எதுவும் அந்த நேரத்தில் சேராது. அதைக் கணக்கிடத்தான் அடுத்த படி.

படி 3: வொர்க்‌ஷீட்டில் நேரக் கணக்கு

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாப்ட்வேரில் உள்ள கால்க் போதும். புதிய பைலைத் திறந்து முதல் வரியில் ஆறு தலைப்புகளை டைப் செய்யுங்கள்: இடம், தூரம், ஓட்டும் நேரம், சேரும் நேரம், நிற்கும் நேரம், கிளம்பும் நேரம்.

இரண்டாவது வரியில் இடம் திருப்பூர், கிளம்பும் நேரம் 6:00. அடுத்த வரிகளில் தூரம், ஓட்டும் நேரம், நிற்கும் நேரம் ஆகிய மூன்றை மட்டும் நிரப்புங்கள். கீழே உள்ளவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். உங்கள் மேப் காட்டும் எண்களையே நீங்கள் இட வேண்டும்.

உடுமலை: 60 கி.மீ., ஓட்டம் 1:30, நிறுத்தம் 0:45
அமராவதி நகர்: 25 கி.மீ., ஓட்டம் 0:45, நிறுத்தம் 1:30
மறையூர்: 35 கி.மீ., ஓட்டம் 1:15, நிறுத்தம் 1:30
மூணாறு: 40 கி.மீ., ஓட்டம் 1:30

ஒன்றரை மணி நேரத்தை நாம் பேப்பரில் 1.30 என்று புள்ளி வைத்து எழுதுவோம். வொர்க்‌ஷீட்டில் அப்படி எழுதினால் அது சாதாரண எண்ணாகிவிடும்; கணக்கு தவறும். 1:30 என்று இரட்டைப் புள்ளி வைத்தே டைப் செய்யவும்.

இனி பார்முலா. உடுமலைக்கு எதிரே "சேரும் நேரம்" செல்லில் கிளிக் செய்து, சமக் குறி (=) ஒன்றை டைப் செய்யுங்கள். பிறகு மவுஸால் திருப்பூரின் "கிளம்பும் நேரம்" செல்லைக் கிளிக் செய்யுங்கள். கூட்டல் குறி இடுங்கள். உடுமலையின் "ஓட்டும் நேரம்" செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 7:30 என்று வரும். இதே முறையில் "கிளம்பும் நேரம்" செல்லில் சேரும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் கூட்டுங்கள். 8:15 வரும்.

மற்ற ஊர்களுக்கு மீண்டும் டைப் செய்ய வேண்டாம். "சேரும் நேரம்" செல்லைக் கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் சிறு சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து மூணாறு வரை கீழே இழுங்கள். "கிளம்பும் நேரம்" செல்லையும் அவ்வாறே இழுங்கள். மூணாறு சேரும் நேரம் 14:45, அதாவது பிற்பகல் 2.45 என்று கிடைக்கும்.

இப்போது திருப்பூரின் 6:00ஐ அழித்து 9:00 என்று மாற்றிப் பாருங்கள். எல்லா நேரமும் தானாகவே மாறி, மூணாறு சேருவது 17:45 ஆகிவிடும். மலைச் சாலையில் இருட்டத் தொடங்கும் நேரம் அது. "மூணு மணி நேரம் தள்ளிக் கிளம்பினால் என்ன?" என்ற கேள்விக்கு வாக்குவாதம் இல்லாமல் பதில் கிடைத்துவிட்டது.

படி 4: திரும்பும் நாளைப் பின்னாலிருந்து கணக்கிடுதல்

போகும்போது அதிகாலையில் கிளம்பிவிடுவோம். திரும்பும் நாளில்தான் "இன்னும் ஓர் இடம் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று தாமதமாகும். அதனால் இந்த நாளைத் தலைகீழாகக் கணக்கிட வேண்டும்.

சின்னாறு சோதனைச்சாவடியை மாலை 4.30க்குள் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லில் 16:30 என்று இடுங்கள். மறையூரிலிருந்து சின்னாறு வர 0:40, மறையூரில் நிற்க 0:50, மூணாறிலிருந்து மறையூர் வர 1:30. பார்முலாவில் கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி இட்டு மூன்றையும் கழித்தால் 13:30 வரும். அதாவது, மூணாறை மதியம் 1.30க்கு விட்டாக வேண்டும். இந்தச் செல்லுக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுங்கள். இரவுக் கட்டுப்பாட்டு நேரம் மாறக்கூடியது என்பதால், போகும்போதே சோதனைச்சாவடியில் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளவும்.

படி 5: இருவரும் மார்க் போடுதல்

வழியில் பார்க்க நிறைய இருக்கிறது. 1957ல் கட்டி முடித்த அமராவதி அணையும் அங்குள்ள முதலைப் பண்ணையும், 1984ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சின்னாறு, மறையூரின் சந்தனக் காடும் பழங்காலக் கல்திட்டைகளும், லக்கம் நீர்வீழ்ச்சி, வரையாடுகள் வாழும் இரவிகுளம் தேசியப் பூங்கா. மறையூர் வெல்லத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிறுத்தி ஒரு கிலோ வாங்கவும் நேரம் வேண்டுமே!

எல்லாவற்றுக்கும் நேரம் போதாது. ஆகவே பைலில் இன்னொரு ஷீட்டைத் திறந்து இடங்களின் பெயர்களை எழுதுங்கள். பக்கத்தில் "அவர்", "நான்", "மொத்தம்" என்று மூன்று தலைப்புகள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் ஒவ்வொரு இடத்துக்கும் 1 முதல் 5 வரை மார்க் போடுங்கள். மொத்தத்தைக் கூட்டிய பிறகு, தலைப்பு உள்பட முழு அட்டவணையையும் தேர்வு செய்து, "டேட்டா" மெனுவில் "சார்ட்" என்பதைக் கிளிக் செய்யுங்கள். "மொத்தம்" என்பதைத் தேர்ந்தெடுத்து, பெரியதிலிருந்து சிறியதற்கு என்று அமைத்து ஓகே கொடுங்கள். மார்க் உள்ள பகுதியை மட்டும் தேர்வு செய்துவிட்டால் ஒரு இடத்தின் மார்க் இன்னொரு இடத்துக்குப் போய்விடும். எனவே முழு அட்டவணை என்பதை மறக்க வேண்டாம்.

மேலே வந்த முதல் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி அடுத்த பயணத்துக்கு. ஒருவர் 5 போட்டு மற்றவர் 1 போட்ட இடம் இருந்தால் அதைப் பற்றி வீட்டிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. இரவிகுளம் தேர்வானால் தேதியைக் கவனியுங்கள். வரையாடுகள் குட்டி போடும் காலத்தில், வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்கா மூடப்படும். நீலக்குறிஞ்சி பார்க்க விரும்புபவர்கள் காத்திருக்க வேண்டும். 2018ல் பூத்தது 12 ஆண்டுக் கணக்கில் மீண்டும் 2030ல்தான் பூக்கும்.

படி 6: செலவும் அறையும்

தூரங்களின் கீழே உள்ள காலி செல்லில் கிளிக் செய்து, சிக்மா அடையாளம் கொண்ட பட்டனை அழுத்தி "சம்" என்பதைத் தேர்வு செய்தால் கூட்டுத்தொகை 160 வரும். திரும்பும் நேர்வழி 145, உள்ளூரில் சுற்ற 45 என்று சேர்த்தால் மொத்தம் 350 கி.மீ. உங்கள் கார் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும், பெட்ரோல் 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 350ஐ 16ஆல் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். வகுத்தலுக்குச் சாய்கோடு (/), பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி (*). விடை சுமார் 2,188 ரூபாய். இதன் கீழே அறை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம், எதிர்பாராத செலவு என்று வரிகளைச் சேருங்கள். காட்டுப் பகுதியில் பெட்ரோல் பங்க் கிடையாது என்பதால் உடுமலையிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளவும்.

அறை தேடும்போது எச்சரிக்கை தேவை. தேடல் முடிவுகளில் "ஸ்பான்சர்டு" என்று குறிப்பிட்டவை விளம்பரங்கள். முதலில் வருவதால் மட்டும் ஒரு வெப்சைட் நம்பகமானது ஆகாது. விடுதியின் போன் எண்ணை மேப்பிலும் அவர்களது வெப்சைட்டிலும் ஒப்பிட்டு, பேசி உறுதி செய்த பிறகே முன்பணம் அனுப்புங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசவும்.

படி 7: சிக்னல் இல்லாவிட்டாலும் கையில் திட்டம்

"பைல்" மெனுவில் "பிரிண்ட்" செல்லுங்கள். தாளை "லேண்ட்ஸ்கேப்" என்று மாற்றி, ஒரே பக்கத்தில் அடங்கும்படி அமைத்து, பிரிவ்யூ பார்த்த பிறகு இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று காரில், மற்றொன்று கைப்பையில். தாளின் அடியில் விடுதி எண், தெரிந்த மெக்கானிக் எண், அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108 ஆகியவை இருக்கட்டும். இன்னொரு பிரதி ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் இருந்தால், எந்த நேரத்தில் உங்கள் போன் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். வீணாகப் பதற மாட்டார்கள்.

செல்போனிலும் ஒரு வேலை. கூகுள் மேப்ஸில் உங்கள் புரொபைல் படத்தைத் தொட்டு, "ஆப்லைன் மேப்ஸ்" சென்று, உடுமலை முதல் மூணாறு வரை கட்டத்துக்குள் வருமாறு தேர்வு செய்து டவுன்லோட் செய்யுங்கள். நெட் இல்லாதபோதும் மேப் வழி காட்டும். இதை வீட்டில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

பயிற்சி

பைலை "பயணம்" என்ற பெயரில் சேவ் செய்யுங்கள். பிறகு "சேவ் ஆஸ்" மூலம் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து, அதில் திருமூர்த்தி மலை, வால்பாறை என்று உங்களுக்குப் பிடித்த வேறு வழியைப் போட்டுப் பாருங்கள். பார்முலாக்கள் அப்படியே இருக்கும். ஊரையும் எண்களையும் மாற்றினால் போதும், புதிய திட்டம் தயார். மஞ்சள் செல்லில் உள்ள நேரத்துக்கு மட்டும் மதிப்புக் கொடுங்கள். பயணம் இனிதே அமையட்டும்!