ஒரே புழுவா, பல புழுக்களா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

பிற உயிரின் உடலில் தங்கி, அதன் உணவிலும் இரத்தத்திலும் பங்கு கொண்டு வாழும் உயிரை ஒட்டுண்ணி என்றும், அதற்கு இடங்கொடுக்கும் உயிரை ஓம்புயிர் என்றும் பாடத்தில் படிக்கிறோம். மனிதனுக்கு வருவது ஒரு புழு, நாய்க்கும் ஆட்டுக்கும் வருவது வேறு புழு என்று பிரித்தும் விடுகிறோம். இயற்கை அவ்வளவு எளிதாகக் கோடு கிழிப்பதில்லை என்பதை மரபணு ஆராய்ச்சி காட்டியுள்ளது.

கொக்கிப்புழு

மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் கொக்கிப்புழுக்களின் முட்டைகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். மரபணுவைப் படித்தால்தான் இது நெக்கேட்டரா, ஆன்சைலோஸ்டோமாவா என்பது தெளிவாகும். 1911 இல் லூஸ் என்னும் அறிஞர் இலங்கைப் புனுகுப் பூனையிலிருந்து ஆன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற இனத்தை விவரித்தார். நாயிலும் பூனையிலும் வாழும் இப்புழு, மனிதக் குடலிலும் வளர்ந்து இரத்தம் குடிக்க வல்லது.

நம் மாநிலத்து ஜவ்வாது மலையில் மனிதர், நாய், மண் ஆகிய மூன்றிலிருந்தும் மாதிரிகள் எடுத்து மரபணு முறையில் ஆராய்ந்தனர். 2016 இல் வெளியான அவ்வாய்வில், மனிதரிடம் மிகுதியாகக் காணப்பட்டது நெக்கேட்டர் அமெரிக்கானஸ் இனமே. நாயையும் மண்ணையும் சேர்த்து ஆராய்ந்தது ஏன்? வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து நுழையும் இளம்புழு மண்ணில்தான் காத்திருக்கிறது.

கல்லீரல் ஒட்டுண்ணிகள்

எக்கினோகாக்கஸ் என்பது நாயின் குடலில் வாழும், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நாடாப்புழு. அதன் முட்டை புல்லோடு ஆடு மாடுகளின் வயிற்றுக்குள் சென்றால், கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும். அழுக்குக் கையோடு உண்ணும் மனிதனுக்கும் இதே கதிதான். 1992 இல் மரபணு வரிசையைக் கொண்டு இப்புழுவை ஜி 1, ஜி 2 என வகைப்படுத்தத் தொடங்கினர். ஆட்டு வகை ஜி 1, எருமை வகை ஜி 3, மாட்டு வகை ஜி 5. இம்மூன்றும் இந்தியாவில் காணப்பட்டுள்ளன. எந்தக் கால்நடையின் வழியாக நோய் பரவுகிறது என்பதை அறிய இவ்வகைகள் உதவுகின்றன.

மாட்டின் பித்தநாளத்தில் வாழும் ஈரல் தட்டைப்புழுவும் இத்தகையதே. நம் நாட்டில் பெரும்பாலும் காணப்படுவது ஃபேசியோலா ஜைஜான்டிகா. ஆசியாவின் சில பகுதிகளில் இதுவும் ஃபேசியோலா ஹெப்பாட்டிகாவும் கலந்து பிறந்த கலப்பினங்களும் உள்ளன. இதன் இளம்பருவம் வளர்வது நன்னீர் நத்தையில். ஊருணியும் கண்மாயும் நிறைந்த நம் செட்டிநாட்டுச் சீமையில் இதை மறந்துவிடலாகாது.

மருந்தும் மரபணுவும்

மரபணு வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஆட்டின் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு ஒன்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அத்தனை கோடிப் புழுக்களில் சிலவற்றில், பீட்டா டியூபுலின் புரதத்தின் 200 ஆம் இடத்தில் ஃபினைல் அலனினுக்குப் பதில் டைரோசின் அமைந்திருக்கும். அவ்விடத்தில் அல்பெண்டசோல் சரிவரப் பற்றாது. குறைந்த அளவு மருந்தை அடிக்கடி கொடுத்தால் மற்றவை மடியும். இவை மட்டும் பிழைத்துப் பெருகும். அடுத்த தலைமுறைக்கு அம்மருந்து பயன்படாது.

சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிச் சென்று, அறுவடை முடிந்த தொலைதூர வயல்களில் கிடை போட்டு மீள்வது வழக்கம். ஆடு நடந்த வழியெல்லாம் புழுவின் மரபணுவும் நடக்கிறது. ஆகவே ஓர் ஊரில் தோன்றிய எதிர்ப்புத்தன்மை அவ்வூரிலேயே நின்றுவிடாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் நம் தம்பி தங்கையருக்குப் பள்ளியில் கொடுக்கப்படும் மாத்திரையும் அல்பெண்டசோல்தான். மனிதப் புழுக்களிலும் இத்தகைய மாற்றம் தோன்றிப் பெருகுகிறதா என்று விஞ்ஞானிகள் விழிப்புடன் கவனித்து வருவது இதனால்தான்.

நாம் செய்ய வேண்டுவன

ஆட்டுக்கு மருந்து கொடுக்குமுன் எடையறிந்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். அறுத்த ஆட்டின் கட்டி விழுந்த ஈரலை நாய்க்குப் போடாமல் ஆழப் புதைக்க வேண்டும். கழிப்பறை, காலணி, கை கழுவுதல் ஆகிய மூன்றும் எல்லா வகைப் புழுக்களுக்கும் பொது எதிரிகள்.

நம்மில் பலர் ஆடு மாடு வளர்க்கும் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வந்தவர்கள். வகுப்பில் கற்ற இச்செய்தியைத் தொழுவம் வரை கொண்டு சேர்ப்பது நம் கடமையாகும்.