கழுத்து ஊசிக்குப் பிறகு மூன்றாம் நாள்

மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் கழுத்து வலிக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. சோழிங்கநல்லூர் ஐ.டி. வேலை, வேளச்சேரி–தாம்பரம் சாலையின் குலுக்கல், குனிந்தபடி போன் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மாத்திரை, காலர், பிசியோதெரபி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஸ்டீராய்டு ஊசிக்கு வருகிறவர்கள், ஊசி போட்ட அடுத்த வாரத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: எந்த இடத்தில், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு. தண்டுவட உறையைச் சுற்றிப் போடும் எபிடூரல் ஊசி வேறு, எலும்பு மூட்டில் போடுவது வேறு, தசை முடிச்சில் போடுவது வேறு. நாளைக்கு வேறு டாக்டரிடம் போனால் முதல் கேள்வி இதுதான்.

வீட்டுக்குக் காரில் போங்கள். டூவீலரில் பின்னால் உட்கார்ந்துகூட வேண்டாம். மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே திடீர் பிரேக் போட்டால் கழுத்துதான் வாங்கும். 24 மணி நேரம் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. சில மணி நேரம் கை மரத்தோ பலமில்லாமலோ இருக்கலாம், அதனால் கொதிக்கும் குக்கரைத் தூக்காதீர்கள். குளியல் மறுநாள். எண்ணெய்க் குளியலும் நீச்சல் குளமும் இரண்டு நாள் கழித்து.

இனிதான் சிக்கல். ஊசியில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கும். மரத்துப்போக வைக்கும் மருந்து உடனே வேலை செய்து, சில மணி நேரத்தில் தேய்ந்துவிடும். ஸ்டீராய்டு மெதுவாகத்தான் பிடிக்கும்: இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம்கூட. இடையில் இருப்பது வெறும் இடைவெளி. அந்த நாட்களில் பழைய வலி திரும்பி வரும். ஊசி போட்ட இடமே எரிச்சலாகி, சிலருக்கு முன்பைவிட அதிகமாகவும் வலிக்கும்.

இது தெரியாதவர்கள் முதல் நாள் மாலை “ஆஹா, வலியே இல்லை” என்று பரண் மேலிருந்து மூட்டையை இறக்குகிறார்கள். மூன்றாம் நாள் “காசு போச்சு” என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. முதல் சில மணி நேரம் வலி நன்றாகக் குறைந்திருந்தால், ஊசி சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். டாக்டருக்குத் தேவைப்படும் தகவலும் அதுவே. ஒரு நோட்டில் காலையும் மாலையும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டு வையுங்கள். “பரவாயில்லை டாக்டர்” என்ற பதிலால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

இந்த இடைவெளியில் ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் முதல் இரண்டு நாள் வேண்டாம். டாக்டர் எழுதிய வலி மாத்திரை போதும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கலந்து தரும் ‘செட்’ மாத்திரை கூடவே கூடாது; அதில் இன்னொரு ஸ்டீராய்டு இருக்கக்கூடும். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பார்களே, அதை இப்போது மட்டுமல்ல, எப்போதுமே வேண்டாம் என்பேன். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பக்கத்திலேயே இருப்பதால் தொக்கணம் என்னும் சித்த மசாஜ் செய்துகொள்ளத் தோன்றும். ஊசி போட்டதைச் சொல்லாமல் யாரிடமும் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

சர்க்கரைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையைச் சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், ஏற்றிவிடும். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 300-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். இன்சுலினை நீங்களே கூட்டாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை ஊசி போட்டவரிடமே கேளுங்கள். முகம் சிவப்பது, இரண்டு ராத்திரி தூக்கம் வராதது எல்லாம் தானாக அடங்கும்.

வலி இறங்கியதும் பிசியோதெரபிக்குப் போங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஊசி வாங்கித் தருவது சில வாரமோ சில மாதமோ. தேய்மானம் அப்படியேதான் இருக்கும். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் ஐந்து எண்ணும்வரை அழுத்துவது, தாடையைப் பின்னுக்கு இழுப்பது — இவ்வளவு எளிய பயிற்சிதான் தொடக்கம். அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். பெரும்பாலான டாக்டர்கள் வருடத்துக்கு மூன்று நான்கு ஊசிக்கு மேல் போடமாட்டார்கள்.

காய்ச்சல், உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி, கை கால் புதிதாகப் பலமிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்பாடில்லாமல் போவது — இவை வந்தால் காத்திருக்கக் கூடாது. 2012-இல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு ஊசியால் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலருக்கு அறிகுறி தெரியவே சில வாரம் ஆனது. இப்படி நடப்பது மிக அரிது. ஆனாலும் மேலே சொன்ன அறிகுறி வந்தால், ராத்திரி பதினொரு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.