தலை குனிந்து கடந்த தீவு: புலாவ் உபினில் ஒரு பகல்

உயர்நிலை மூன்றில் ஐந்து நாள் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் முகாமில் இருந்தேன். அந்த ஐந்து நாளும் நான் அதிகம் பார்த்தது எனக்கு முன்னால் நடந்த பையனின் முதுகுப்பையைத்தான். அதன் பக்கத்தில் தொங்கிய மெஸ் டின்னில் எந்த இடத்தில் ஒடுக்கு விழுந்திருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். எந்தக் குன்றின் அடிவாரத்தில் நடந்தோம், தலைக்கு மேல் கத்திய பறவை எது என்று கேட்டால் அன்று எனக்குப் பதில் இல்லை. பை கனத்தது, தோள் எரிந்தது, அடுத்து எங்கே உட்காரலாம் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

தீவை நான் உண்மையில் பார்த்தது அதற்குப் பிறகு, பின்னால் யாரும் விரட்டாத நாள்களில். முகாமுக்குப் போய்வந்தும் ‘ஒன்றும் ஞாபகமில்லை’ என்கிற பழைய மாணவர்களுக்காகவும், அடுத்த மாதம் பிள்ளையை அனுப்பப்போகிற அப்பா அம்மாவுக்காகவும், சிங்கப்பூருக்கு வந்து கட்டடங்களைப் பார்த்து முடித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு பகல் போதும். ஆனால் நடக்க வேண்டும், வியர்க்க வேண்டும், உங்கள் தண்ணீரை நீங்களே சுமக்க வேண்டும்.

கடல் வற்றும் நேரம்

தேதி குறிக்கும் முன்னால் ஓத அட்டவணையைப் பாருங்கள். பேருந்து நேரத்தைவிட இதுதான் முக்கியம். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவாவுக்காகத்தான் இந்தக் கணக்கு. கடல்மட்டம் 0.5 மீட்டரோ அதற்கும் கீழேயோ இறங்குகிற பகல் நேரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நீர் நிறைந்திருக்கும்போது போனால் அழகான கடலைப் பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான். வற்றியிருக்கும்போது போனால் கடலின் தரையையே பார்க்கலாம். முடிந்தவரை வேலைநாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை சாங்கி படகுத்துறையில் வரிசை நீளும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. போகக்கூடாது என்றில்லை, மாற்று உடையோடு போங்கள்.

தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து உங்களை சாங்கி வில்லேஜ் வரை கொண்டுவிடும். தெம்பனிஸிலிருந்து 29ஆம் எண். இறங்கிய இடத்திலேயே உணவங்காடி நிலையம் இருக்கிறது. அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். அந்த நாசி லெமாக்கைச் சாப்பிடாமல் படகேறியதற்கு நான் ஒருமுறை மதியம் வரை வருந்தியிருக்கிறேன். பிறகு படகு முனையம். இங்கே கால அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். கட்டணம் சில வெள்ளிதான், ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. காலை எட்டு மணிக்குள் படகேறினால் வெயில் உச்சிக்கு வருமுன் பாதி வேலை முடிந்திருக்கும்.

மாணவர்கள் போகிற வழி வேறு. வெளிப்புறச் சாகசப் பயிற்சிப் பள்ளியான அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் பொங்கோல் பக்கமிருந்து தனிப்படகில் தீவின் மேற்குப் பகுதிக்குப் போவார்கள். அந்த முகாம் நிலத்துக்குள் வெளியாருக்கு அனுமதி இல்லை. ‘என் பிள்ளை ஏறிய சுவரைப் பார்க்கலாமா’ என்று தேடிப் போக வேண்டாம்.

அந்தப் பள்ளியின் கதையைப் பெற்றோர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1941இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, வேல்ஸ் கடற்கரை ஊரான அபர்டோவியில் கல்வியாளர் கர்ட் ஹானும் புளூ ஃபனல் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட்டும் இளம் மாலுமிகளுக்காகத் தொடங்கியது அது. கப்பல் மூழ்கினால் தாக்குப்பிடிக்கும் மனத்திடத்தை இளையவர்களுக்கு ஊட்டுவதுதான் நோக்கம். அதே புளூ ஃபனல் கப்பல்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கும் பல்லாண்டு வந்துபோனவை. இங்கே 1967இல், சுதந்திரம் பெற்ற இரண்டே ஆண்டில், அன்றைய தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ உபினில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். உயர்நிலை மூன்று மாணவர்களுக்கான ஐந்து நாள் திட்டம் 2017இல் ஆரம்பமானது. வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகளைக் கலந்து ஒரே குழுவாக்கிவிடுவார்கள். குழுவை ‘வாட்ச்’ என்பார்கள். கப்பலில் முறைவைத்துக் காவல் நிற்பவர்களுக்கான சொல் அது. முதல் நாள் இரவு என் வாட்ச்சில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஐந்தாம் நாள் படகேறும்போது அவர்களைப் பிரிய மனமில்லாமல் அழுதேன்.

செக் ஜாவா

படகுத்துறையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. கிராமத்தில் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். எடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், இருக்கையை உங்கள் உயரத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பாதை ஏற்ற இறக்கமானது. கடைசிப் பகுதியில் நடைப்பயணிகளுக்கு மட்டுமே அனுமதி, சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டுப் போக வேண்டும். கைப்பிடியில் பிளாஸ்டிக் பை எதையும் தொங்கவிடாதீர்கள். குரங்கு எடுத்துக்கொண்டு போய்விடும். காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு வாசல் பக்கமே திரியும். நின்று வழிவிடுங்கள், தின்ன எதுவும் கொடுக்காதீர்கள்.

செக் ஜாவாவில் அவசரமே கூடாது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மரநடைபாதை ஒரு பக்கம் கடல்மேலும் இன்னொரு பக்கம் சதுப்புநிலக் காட்டுக்குள்ளும் போகிறது. ஓட்டமாகப் போனால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், நான் வழக்கமாக இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வேன். கைப்பிடியில் சாய்ந்து ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதலில் வெறும் சேறுதான் தெரியும். பிறகு சேறு நகரும். உங்கள் நிழலுக்குப் பயந்து வளைக்குள் போன நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிசு, அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். துடுப்பை ஊன்றிச் சேற்றின்மேல் தத்திப் போகும் மீனைப் பார்க்கலாம். வற்றிய திட்டில் கடற்புல் பச்சையாகப் படுத்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் எதையும் சுட்டிக்காட்டாதீர்கள். யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று விட்டுவிடுங்கள்.

இந்த இடம் இன்று இருப்பதே பெரிய விஷயம். 2001இல் இங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் தயாராக இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் வந்து பார்த்தார்கள், உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள், அரசாங்கத்துக்கு எழுதினார்கள். பணி தொடங்குமுன் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நடைபாதை திறக்கப்பட்டது 2007இல். பக்கத்திலிருக்கும் 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தில் கட்டாயம் ஏறுங்கள். காட்டின் உச்சியை மேலிருந்து பார்க்கும்போதுதான் தீவு எவ்வளவு அடர்த்தியானது என்பது புரியும். 1930களில் கட்டிய, குளிர்தேசத்து வீடுபோல் கணப்பு வைத்த பங்களா ஒன்றும் அங்கே உண்டு.

நடைபாதையிலிருந்து கடலில் ஒரு சின்னப் பாறைத்தீவு தெரியும். புலாவ் செக்குடு, தவளைத் தீவு. ஒரு தவளையும் பன்றியும் யானையும் ஜோகூர்க் கரைக்கு யார் முதலில் போவது என்று பந்தயம் கட்டினவாம், போய்ச்சேராதவர் கல்லாகிவிட வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றுமே சேரவில்லை. தவளை செக்குடு ஆனது, பன்றியும் யானையும் சேர்ந்து உபின் ஆனது. முகாமில் இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னபோது நாங்கள் நேரக்கணக்கோடு வேறொரு குழுவை முந்திக்கொண்டிருந்தோம். கதை அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது.

கல்லும் குன்றும்

தீவின் பெயரிலேயே கல் இருக்கிறது. மலாயில் தளம் பாவும் கல்லைக் குறிக்கும் ‘ஜூபின்’ என்ற சொல்லிலிருந்து வந்தது உபின். 1851இல் கட்டிமுடிந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இங்கிருந்துதான் கருங்கல் போனது. ஜோகூருக்கு நாம் போய்வருகிற, 1924இல் திறந்த கடற்பாலத்திலும் உபின் கல் இருக்கிறது. 1999இல் கடைசிக் குவாரியும் மூடியது. வெட்டிய பள்ளங்களில் மழைநீர் நிறைந்து ஏரிகளாகிவிட்டன. பெக்கான் குவாரிக்குப் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாரைகளைப் பாருங்கள். தண்ணீர் ஆழம், கரை செங்குத்து, வேலியைத் தாண்ட நினைக்கவே வேண்டாம்.

தீவின் மிக உயரமான இடம் புவாக்கா குன்று, சுமார் 75 மீட்டர். கேட்டால் சிரிப்பு வரும். பதினைந்து வயதில் பையோடு ஏறிய எனக்கு அன்று வரவில்லை. கால் வழுக்கி முழங்கால் கிழிந்து, ‘நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போங்கள்’ என்றேன். வேறு பள்ளியிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பையன் பேசாமல் என் பையிலிருந்து தண்ணீர்க் குப்பிகளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். ஏறுவதற்கு முன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், சில காலம் மூடிவைப்பதுண்டு.

மேற்கே கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா. பத்து கிலோமீட்டர் அளவுக்குத் தடங்கள், கடினத்துக்கு ஏற்பக் குறியிட்டிருப்பார்கள். கறுப்பு வைரக் குறி உள்ள தடத்தைப் பழகாதவர்கள் தொடவேண்டாம். கூடை வைத்த வாடகைச் சைக்கிள் இங்கே உதவாது, மலைச் சைக்கிளும் தலைக்கவசமும் வேண்டும்.

தண்ணீர்மேல்

முகாமில் எனக்குப் பெரும் பயம் கயாக். முதல் பாடமே அதைக் கவிழ்ப்பதுதான். தலைகீழாக உப்புத்தண்ணீருக்குள் உட்கார்ந்து, பதறாமல், படகைத் தட்டிவிட்டு வெளியே வரவேண்டும். எனக்கு நீச்சல் சரியாக வராது. முதல்முறை கவிழ்ந்தபோது எதுவும் தோன்றாமல் உதைத்துக்கொண்டேன், இரண்டாம்முறை மூன்றுவரை எண்ணினேன், மூன்றாம்முறை கண்ணைத் திறந்தேன். பெற்றோர்கள் இதைக் கேட்டுப் பயப்படுவார்கள். லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, பயிற்றுநர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். மின்னல் எச்சரிக்கை வந்தால் கடலில் எத்தனை ஆர்வமாக இருந்தாலும் எல்லோரும் கரையேறியாக வேண்டும். நீங்களும் அதே விதியைப் பின்பற்றுங்கள்.

உங்களுக்குக் கயாக் வேண்டுமென்றால் வழிகாட்டியோடு சதுப்புநில ஆறுகளுக்குள் போகும் பயணங்கள் இருக்கின்றன, முன்பதிவு செய்ய வேண்டும். தனியாகத் துடுப்புப் போட்டு வடக்கே போகாதீர்கள். எதிரே தெரிவது மலேசியக் கரை, நடுவில் கடலெல்லை. இரவு தங்க ஜெலுத்தோங், மாமாம் என்று இரண்டு கூடார இடங்கள் உண்டு. விதிமுறைகளைத் தேசியப் பூங்காக் கழகத்திடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாமாமில் இரவில் அக்கரை விளக்குகள் நீரில் நீளும். மணல்பூச்சிக் கடிக்குத் தயாராகப் போங்கள்.

தீவில் குழாய்த்தண்ணீர் இணைப்பு இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமந்து போங்கள், கிராமத்துக் கடைகளிலும் வாங்கலாம். கொசு மருந்து, மழைக்கோட்டு, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய காலணி, ஒரு ஜோடி உபரிக் காலுறை. முகாமில் எனக்குக் கற்றுத்தந்தவற்றில் தினமும் பயன்படுவது இதுதான்: எதுவானாலும் முதலில் நீர்புகாத பையில் போட்டு முடிச்சிட்டுப் பிறகு முதுகுப்பைக்குள் வை.

திரும்பும்போது வெளிச்சம் இருக்கும்போதே படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். பொழுது சாய்ந்தால் பன்னிரண்டு பேர் சேர நேரமாகும்.

வழியில் பள்ளிப்பிள்ளைகளின் வரிசை ஒன்று எதிரே வரலாம். வியர்வையில் ஊறி, பைக்குக் கீழே குனிந்து, பேச்சில்லாமல் நடப்பார்கள். சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நில்லுங்கள். மேலே கிளையில் கறுப்பு வெள்ளை இருவாச்சி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காணாமல்போய், 1994இல் இந்தத் தீவில்தான் மறுபடி வந்து இறங்கிய பறவை அது. இருந்தால், வரிசையில் கடைசியாக வரும் பிள்ளைக்கு மட்டுமாவது கையை மேலே காட்டுங்கள்.