பூவை அப்புறம் பார்க்கலாம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டுக் கூலாய் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து ரோஜா நர்சரி போடப்போகிறாய் என்று படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. "வாசமுள்ள பத்து ரோஜாவின் பெயரை எழுதி அனுப்புங்கள் அண்ணே, அதையே வாங்கிப் போட்டுவிடுகிறேன்" என்ற கடைசி வரியில்தான் கொஞ்சம் திடுக்கிட்டேன். பெயரைப் பிறகு பேசலாம். எந்த வானத்துக்குக் கீழே செடி வைக்கப்போகிறாய் என்பதை முதலில் பேசுவோம்.

பூமியின் தென்பாதியில் காட்டு ரோஜா என்று ஒன்றுமே கிடையாது. ரோஜா இனம் முழுக்க வடபாதியில் பிறந்தது. அதிலும் பெரும்பகுதி குளிர் நாட்டுச் சரக்கு. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிதான் வடக்கே இருக்கிறது. பனிக்காலம் கிடையாது; பகல் வருஷம் முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம்; மழை வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். குளிர் நாட்டில் செடி இலையுதிர்த்துச் சில மாதம் தூங்கும், அதைத் தின்னும் பூஞ்சையும் கூடவே முடங்கும். இங்கே இரண்டுக்கும் லீவு இல்லை. பாலத்தைத் தாண்டினால் 'கார்டன்ஸ் பை தி பே'யில் ரோஜாக் கண்காட்சி வைக்கிறார்களே, எங்கே வைக்கிறார்கள் என்று கவனித்தாயா? 23 முதல் 25 டிகிரிக்குள் குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்தில். அவ்வளவு பணமும் ஆளும் உள்ளவர்களே ரோஜாவை ஏர்கோனில் வைக்கிறார்கள். நீ திறந்த வெளியில் வைக்கப் பார்க்கிறாய். முடியும். ஆனால் கேட்டலாக்கில் பல்லைக் காட்டும் ரோஜாக்களில் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டால்தான் முடியும்.

எல்லாரும் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். வெயிலில் பூ சிறுக்கும், இதழ் குறையும், காலையில் விரிந்தது மறுநாள் கொட்டும்; வேரில் ஈரமிருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். நம் ஊரில் ரோஜாவைச் சாகடிப்பது கரும்புள்ளி நோய். டிப்ளோகார்ப்பன் ரோசே என்ற பூஞ்சை. இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தால் அதன் வித்து முளைத்து இலைக்குள் இறங்கிவிடும். அதற்கு மிகவும் தோதான வெப்பம் 24 டிகிரிக்குப் பக்கம். நம் ராத்திரி வெப்பம் எவ்வளவு? அதேதான். சாயங்காலம் மழை கொட்டி, காற்றில்லாமல் ராத்திரி கழிந்து, காலை ஒன்பது மணி வரை இலை காயாமல் கிடக்கும் நாள்களை எண்ணிப் பார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்தப் பூஞ்சைக்கு நம் ஊர்.

கேமரன் மலைச் செடியின் கதையும் இதில்தான் முடிகிறது. தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர். அந்தக் குளிரில், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மழை படாமல் வளர்ந்த செடி, லோரியில் இறங்கி நம் தாமான் பாசார் மாலாமில் பூவோடு நிற்கும். வீட்டுக்காரம்மா ஆசையாக வாங்கிப் போவார். முதல் பூ பிரமாதம், இரண்டாவது சுமார், பிறகு இலை மஞ்சளாகிக் கொட்டி முள்ளுக்குச்சிதான் மிச்சம். "என் கை ராசி சரியில்லை" என்று தன்னையே நொந்துகொள்வார். கையில் ஒரு குறையும் இல்லை. நீ அந்த வியாபாரத்தில் இறங்காதே. லாபம் சீக்கிரம் வரும், ஆனால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டாவது செடி விற்க மாட்டாய்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? தாய்ச்செடி பார்க்க மழைக்காலத்தில் போ. டிசம்பர், ஜனவரி என்றால் ரொம்ப நல்லது. கோடையில் எல்லாச் செடியும் யோக்கியம்தான். பூவை ஏறிட்டுப் பார்க்காமல் குனி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இலை இருக்கிறதா? முழங்கால் வரை மொட்டைத் தண்டாக நின்று உச்சியில் மட்டும் கொத்தாகத் தழையும் பூவும் இருந்தால், அது பலமுறை இலை கொட்டி, கடைசிச் சக்தியைத் திரட்டிப் பூத்திருக்கிறது. அடிஇலை ஒன்றை ஒளிக்கு எதிராகப் பிடி. கரும்புள்ளி என்றால் வட்டத்தின் ஓரம் சீராக இருக்காது, மையில் தோய்த்த பஞ்சைப் பிய்த்தாற்போல் சிலும்பி நிற்கும்; சுற்றிலும் மஞ்சள் படரும்; காம்பைத் தொட்டாலே இலை கையோடு வரும். அடுத்து ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டு. விழுந்த தூசியில் ஏதாவது நகர்ந்தால் செஞ்சிலந்தி. அடியிலிருந்து பெருவிரல் பருமனில் செம்பு நிறத் தளிர் கிளம்பியிருந்தால் அந்தச் செடிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் அனுமதித்தால் பாலிபேக்கிலிருந்து உருவிப் பார்: வேர் நுனி வெள்ளையாக இருக்க வேண்டும், வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு, அந்த மண்ணையே உன் நிலத்துக்குக் கொண்டு வராதே.

வேர் என்றதும் ஒன்று. ஒட்டுச்செடியில் மேலே இருப்பது ஒரு ரோஜா, கீழே இருப்பது வேறொன்று. எந்த வேர்ச்செடியில் ஒட்டினீர்கள் என்று கேள். பதில் தெரியாதவரிடம் வாங்காதே. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சூடும் மணலும் நூற்புழுவும் உள்ள இடத்தில், ஃபார்ச்சூனியானா என்ற வேர்ச்செடியில் ஒட்டித்தான் காரியத்தைச் சாதிக்கிறார்கள். உன் அளவுக்கு, பதியமாகவோ குச்சியாகவோ சொந்த வேரில் வளர்த்த செடிகளே போதும் என்பது என் எண்ணம். ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுக்கொம்பு கிளம்பி மேல்செடியை விழுங்கும் தொல்லை இல்லை. தண்டு கருகிச் செத்தாலும் அடியிலிருந்து அதே ரோஜா எழும்பும்.

இனி வம்சம். இதில்தான் எனக்குப் பேச ஆசை.

இன்றைய ரோஜாக்கள் திரும்பத் திரும்பப் பூப்பதற்குக் காரணம் சீன ரோஜாவின் ரத்தம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவை கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. சில கல்கத்தா வழியாகப் போனதால் 'வங்காள ரோஜா' என்றே அங்கே பெயரெடுத்தன. ஐரோப்பியர்கள் அவற்றைத் தங்கள் குளிருக்குத் தாங்கும்படி கலந்து கலந்து, 1867இல் 'லா ஃபிரான்ஸ்' என்ற செடியோடு ஹைப்ரிட் டீ வகையை ஆரம்பித்தார்கள். நீளக் காம்பு, கூரான மொட்டு, பெரிய பூ. உலகச் சந்தை அதன் பின்னால் போய்விட்டது. அந்தப் பயணத்தில் வெப்ப ஊர்ப் பாட்டியின் தழைத்திறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நாம் செய்ய வேண்டியது பாட்டி வீட்டுக்குத் திரும்புவதுதான்: சீன ரோஜாக்கள், டீ ரோஜாக்கள், போர்பன் ரோஜாக்கள். 'ஓல்ட் பிளஷ்', 1834இன் 'லூயி ஃபிலிப்', 1857இன் 'டச்செஸ் த பிரபாந்த்', 1901இன் 'மிசஸ் பி.ஆர். காண்ட்' ஆகியவை ஃபுளோரிடாவின் புழுக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நிற்பவை. அங்கே சின்னதாக ஒரு குளிர்காலம் உண்டு, நமக்கு அதுவும் இல்லை. ஆகவே அங்கே தேறியதை இங்கே விண்ணப்பமாக மட்டும் எடுத்துக்கொள்.

போர்பன் நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கம். அது பிறந்த இடம் இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவு. நம் ஜனங்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்களே, அதே தீவு. அங்கே வேலியோரத்தில் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகக் கலந்து ஒரு செடி முளைத்தது. பிரெயோன் என்ற தாவரவியலாளர் 1819இல் அதன் விதையைப் பாரிஸுக்கு அனுப்பினார். அங்கே பிறந்தது ஒரு பெரிய வம்சம். தீவுக்காரர்கள் 'எதுவார்' என்று அழைத்த அந்தச் செடிதான் தமிழ்நாட்டில் 'எட்வர்ட் ரோஸ்'. ஆண்டு முழுக்கப் பூக்கும், மாலைக்கும் குல்கந்துக்கும் கூடை கூடையாகப் பறிக்கிறார்கள், நர்சரிகளில் பன்னீர் ரோஜா என்றும் கைமாறுகிறது. ஒரு பூ வைத்தால் அறையே மணக்கும். புள்ளி வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன். வரும், இலை கொட்டும், மூன்று வாரத்தில் மறுபடி தழைக்கும். நோயே அண்டாத செடி, நோயைத் தாங்கிக்கொண்டு பூக்கும் செடி, இரண்டுக்கும் ஜொகூரில் இடம் உண்டு. தாய்லாந்தின் சமவெளியில் 'மோன் ரோஜா' என்று பூச்சரத்துக்கு வளர்க்கிறார்களே, அதுவும் வாசனைக்குப் பேர்போன, இதே போன்ற பழைய வகைதான்.

வெப்ப ஊருக்கென்றே ரோஜா வேண்டும் என்ற சிந்தனையை ஒருவர் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார். ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவன். குளிர் நாட்டுக்காகச் செய்த ரோஜாவை வெப்ப நாட்டுக்காரன் ஏன் கட்டி மாரடிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியாவையும், கிழக்கிந்தியாவில் வெள்ளம் நிற்கும் ஆற்றோரங்களில் வளரும் ரோசா கிளினோபில்லாவையும் கலப்புக்கு எடுத்துப் புது வகைகள் உண்டாக்கினார். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரில் ஒரு மஞ்சள் ரோஜாவும் அவர் வீட்டுச் செடிதான். தண்ணீரில் கால் வைத்து நிற்கும் ரோஜா என்றால் சதுப்பு நிலப் பொந்தியான் பக்கத்துக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்தியாவிலிருந்து செடி கொண்டுவர ஆசை வரும். சூட்கேஸில் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவராதே. இறக்குமதி அனுமதி வேண்டும், எல்லையில் சோதனை உண்டு. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, நூற்புழுவும் அதே துணியில்தான் வரும்.

வாசனைக்கு வருகிறேன். "வாசமுள்ளது நோஞ்சான், திடமானது வாசமில்லாதது" என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை. 2000இல் வந்த 'நாக் அவுட்' தழை கிண்ணென்று இருக்கும், மூக்கில் ஒன்றும் ஏறாது. 1977இன் 'டபுள் டிலைட்' மணத்தில் ராணி, தழையில் நோயாளி. இதை வைத்து விதி எழுதிவிடக் கூடாது. மணம் இதழில் உண்டாகிறது. 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மணமுள்ள 'பாப்பா மெய்யான்' ரோஜாவையும் மணம் குன்றிய 'ரூஜ் மெய்யான்' ரோஜாவையும் ஒப்பிட்டு, ஜெரானியால் என்ற மணப்பொருள் உண்டாக உதவும் நொதியம் இதழில் வேலை செய்வதைக் கண்டார்கள். நோயைத் தாங்குவது இலையின் காரியம். இரண்டும் ஒரே செடியில் கூடக் கூடாது என்று இயற்கை சொல்லவில்லை. சந்தைதான் வேறெதையோ தேடியது. ஜாலான் உங்கு புவான் பூக்கடைகளில் நீளக் காம்பு ரோஜாவை முகர்ந்து பார். ஓசூரிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஏற்றுமதியாகும் 'தாஜ் மஹால்' போன்றவை பெட்டியில் நசுங்காமலும் ஜாடியில் பல நாள் வாடாமலும் இருப்பதற்காகத் தேர்ந்தவை. அந்தத் தடித்த இதழிடம் மணம் கேட்பது நியாயமில்லை.

முகர்ந்து பார்ப்பதற்கும் நேரம் உண்டு. காலை எட்டு மணிக்கு, பாதி விரிந்த பூவில். மத்தியானத்துக்குள் வெயில் எண்ணெயை வாங்கிவிடும், அப்போது முகர்ந்து ஒரு செடியைத் தள்ளிவிடாதே. இதழ் நெருங்கிய பூவிலும் ஜாக்கிரதை: 1843இன் 'சூவெனிர் த லா மால்மேசான்' மணத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள், மழை பிடித்தால் மொட்டு விரியாமல் உருண்டையாகவே அழுகும். நம் ஊருக்கு அடுக்கு குறைந்த, சட்டென்று விரியும் பூ தேவலை.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உன் நிலம் பழைய செம்பனைக் காடு, புளிப்பு அதிகமாக இருக்கும், பி.எச். 6க்கும் 6.5க்கும் இடையில் வர டோலமைட் போடு. மேடான பாத்தி, அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர். செடிக்குச் செடி காற்றுப் புக இடம் விடு, கிழக்கு வெயில் முதலில் படட்டும், இலை சீக்கிரம் காயும். கறுப்புப் பாலிபேக்கை வெறும் சிமெண்டுத் தரையில் அடுக்காதே, வேர் வெந்துவிடும். கவாத்தில் குளிர் நாட்டுப் புத்தகத்தை நம்பி முழங்காலுக்கு வெட்டாதே. இந்தப் பழைய வகைகளுக்கு அது ஆகாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே. கவாத்து செய்தால் ஏறக்குறைய ஆறு வாரத்தில் பூ வரும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பின்னோக்கி எண்ணிக்கொள்.

பத்துப் பெயர் கேட்டாயே, அதில் பாதியாவது உன் பக்கத்துத் தோட்டங்களிலேயே இருக்கும். பழைய லயத்து வாசல், கோயில் நந்தவனம், கம்போங் வீட்டு வேலி. யாரும் உரம் வைத்திருக்க மாட்டார்கள், மருந்து கண்டிருக்காது. அதன் பெயர்கூட அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆனால் பல வருஷ மழையில் நின்ற செடி. கேட்டு, பென்சில் பருமனில், பூத்து முடிந்த கொம்பாக ஒரு சாண் குச்சி வாங்கி வா. எந்த இடம், என்ன மணம், எத்தனை இதழ் என்று சீட்டெழுதிக் கட்டு.

வாங்கியதையும் கேட்டு வந்ததையும் சேர்த்து அக்டோபருக்குள் ஒரு பாத்தியில் வை. ஒவ்வொன்றிலும் மூன்று செடி. விற்கும் செடிகளுக்கு வேண்டுமானால் மருந்தடித்துக்கொள். இந்தப் பாத்தியில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. வடகிழக்குப் பருவமழை போகிறவரை சும்மா விடு. மார்ச்சில் எது தழையோடு நிற்கிறது, எது மணக்கிறது என்று எனக்கு எழுது. பட்டியலை அப்போது போடலாம்.

அன்புடன்,
அண்ணன்