நிவாரணம் பெறுவோர் வேலைக்குப் போகலாமா?

வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து, இன்று தெஹிவளை, வெள்ளவத்தைப் பகுதிகளில் வாடகை அறைகளில் வாழும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “நிவாரணம் எடுக்கிற நாங்கள் அரைநாள் வேலைக்குப் போனால், தெரிந்ததும் வெட்டிவிடுவார்களா?” இந்தப் பயத்தினால் சிலர் கிடைத்த வேலையையும் விடுகிறார்கள். வேறு சிலர் பெயர் பதியாமல் வேலை செய்கிறார்கள். இரண்டிலும் நட்டம் ஏழைக்கே. ஆகவே விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்வோம்.

1. வெளிநாட்டு முறை

கனடாவில் வேலை இழந்தவருக்கு வேலைக் காப்புறுதிப் பணம் உண்டு. அதைப் பெறுபவர் பகுதிநேர வேலையும் செய்யலாம். உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் மட்டுமே அப்பணத்தில் கழிக்கப்படும். வாரம் 400 டொலர் பெறுபவர் 200 டொலர் உழைத்தால், காப்புறுதிப் பணம் 300 ஆகக் குறையும். ஆனால் கைக்கு வருவது 500. இதற்கு ஓர் எல்லை உண்டு. உழைத்ததை அறிவிக்கவும் வேண்டும். மறைத்தால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதுடன் தண்டமும் உண்டு. அங்கே குற்றம் வேலை செய்வதன்று, மறைப்பதே.

2. எமது நாட்டு முறை

இலங்கையில் வேலையில்லாதோருக்கென அத்தகைய காப்புறுதித் திட்டம் இல்லை. இங்குள்ளது வறுமை நிவாரணம். 1995இல் சமுர்த்தி வந்தது. 2023 ஜூலை முதல் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. இது “வேலை உண்டா, இல்லையா?” என்ற ஒரே கேள்வியில் தங்கியதன்று. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய 6 துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு முழுக் குடும்பத்தின் நிலை அளக்கப்படுகிறது. ஆகவே அரைநாள் வேலைக்குப் போவது தன்னிலேயே தவறன்று. தகவல் கேட்கப்படும்போது உண்மையைச் சொல்லுங்கள். நிலைமை மாறினால் தொகையும் மாறலாம். தீர்மானம் பிழையென்று கண்டால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யுங்கள்.

3. மறைப்பதால் யாருக்கு இலாபம்?

“பெயர் பதிந்தால் உங்கள் நிவாரணம் போய்விடும்” என்று சொல்லும் முதலாளியிடம் கவனமாயிருங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும், முதலாளி 12 வீதமும் கட்டவேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் முதலாளியே கட்டவேண்டும். கடையிலோ தொழிற்சாலையிலோ தற்காலிகமாக, பகுதிநேரமாக வேலை செய்வோருக்கும் இவ்வுரிமை உண்டு.

கணக்கைப் பாருங்கள். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், முதலாளி கட்டவேண்டியது 1,800உம் 450உம், ஆக 2,250 ரூபாய். ஆண்டுக்கு 27,000 ரூபாய். பெயர் பதியாவிட்டால் அது முதலாளியின் பெட்டியில் தங்கிவிடும். உங்கள் முதுமைக்கு ஒன்றும் மிஞ்சாது.

4. செய்யவேண்டியவை

• வேலைக்குச் சேரும் நாளிலேயே சேமலாப நிதி அங்கத்தவர் இலக்கத்தைக் கேளுங்கள்.
• வேலை செய்த நாட்களையும் பெற்ற சம்பளத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.
• முதலாளியின் பங்கை உங்கள் சம்பளத்தில் கழிக்க விடாதீர்கள்.
• பணம் கட்டப்படாவிட்டால் தொழிலாளர் திணைக்களத்தில் முறையிடுங்கள். தனியே போகத் தயங்கினால், ஒரே இடத்தில் வேலை செய்யும் நாலுபேர் சேர்ந்து போங்கள்.

நிவாரணம் விழுந்தவர் எழும்பப் பிடிக்கும் கைத்தடி. எழும்பி நடப்பதற்கு வெட்கமோ பயமோ வேண்டியதில்லை.

கலந்துரையாட:
1. எமது குடும்பங்களில் எத்தனை பேர் பெயர் பதியாமல் வேலை செய்கிறார்கள்? காரணம் என்ன?
2. அவர்களுக்கு நாம் கூட்டாக எவ்வாறு உதவலாம்?