வாட்ஸ்அப்பில் ஒரு கோட்டை

பள்ளி விட்டதும் அம்மாவின் கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறப்பது எங்கள் வழக்கம். பேசுவது தமிழ், எழுதுவதோ ஆங்கில எழுத்து. ஒருநாள் மாலை, "நாளை கோட்டைப் படம் வரைந்து வரவும்" என்று ஒருத்தி வகுப்புக் குழுவில் அறிவித்தாள். அவள் சொன்னது நம் பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டையை. கே, ஓ, டி, டி, ஏ, ஐ என்று அவள் தட்டியிருந்ததை, அறிவியலில் அப்போது விதைப் பாடம் நடந்ததால், எங்களில் மூவர் 'கொட்டை' என்று படித்தோம். மாங்கொட்டையை வரைந்து வண்ணமும் தீட்டிச் சென்றோம்! மதிப்பெண் போயிற்று.

இக்குழப்பம் புதிதன்று. பழைய ஏடுகளில் எகர, ஒகரங்களின் மேல் புள்ளி இருந்தால் குறில், இல்லையேல் நெடில். ஓலையில் புள்ளி குத்த அஞ்சிப் பலர் அதை விட்டுவிட, கொட்டையா கோட்டையா என்பதை இடம் நோக்கித்தான் அறிய வேண்டியிருந்தது. 1680-ல் இத்தாலியில் பிறந்து, அரியலூரை அடுத்த ஏலாக்குறிச்சியில் இறைப்பணி செய்த வீரமாமுனிவர், நெடிலுக்கு இரட்டைக் கொம்பு தந்து அதைத் தீர்த்தார். அவர் பிரித்து வைத்ததை நாங்கள் கட்டைவிரலால் மறுபடி ஒன்றாக்கிவிட்டோம்!

கைபேசியில் தமிழ் எழுத்து இல்லாமலில்லை. ஆனால் 'கோ'வைத் தேடி முடிப்பதற்குள் தோழியர் பத்துச் செய்தி அனுப்பிவிடுகின்றனர், எரிச்சல்தான் மிஞ்சுகிறது. இப்பொழுது வீட்டுப்பாடம் மட்டும் தமிழ் எழுத்தில் வருகிறது. அரட்டை பழையபடியே.