இராமேஸ்வரம் தீவின் கடற்கரைகள்: எங்கே குளிக்கலாம்? எங்கே குளிக்கக் கூடாது?

 

நம்ம தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் கோவளம், திருவான்மியூர், பெசன்ட் நகர்தான். நான் போன மே மாத விடுமுறையில் ஒரு தீவுக்கே போய் வந்தேன். அதுதான் பாம்பன் தீவு. இராமேஸ்வரம் இந்தத் தீவில்தான் இருக்கிறது.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அன்றைக்கே தாம்பரம் – இராமேஸ்வரம் ரயிலும் தொடங்கியது. சாயங்காலம் தாம்பரத்தில் ஏறினால் திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகக் காலையில் இராமேஸ்வரம்! கப்பல் வந்தால் புதிய பாலத்தின் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து திறந்தது.

முதலில் ஒரு பாடம்

தீவுக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடக்குக் கடல் ஆழம் குறைவு, அலையும் குறைவு. அதனால் அங்குள்ளவர்கள் அதைப் 'பெண் கடல்' என்கிறார்கள். தெற்குக் கடல் ஆழமானது, அலை அதிகம். அது 'ஆண் கடல்'. (பெண் என்றால் அமைதி என்று யார் சொன்னது? எங்க வகுப்புக்கு வந்து பார்க்கட்டும்!) ஆனால் எப்போதும் இப்படியே இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் வடக்குக் கடல் கொந்தளிக்கும்.

பார்க்க வேண்டிய கடற்கரைகள்

1. அக்னி தீர்த்தம்: கோயிலுக்குக் கிழக்கே உள்ளது. அலையே இல்லாமல் குளம் மாதிரி இருக்கும். எங்க பாட்டி கூட பயமில்லாமல் முங்கிக் குளித்தார்கள்.

2. ஓலைக்குடா: இது வடக்குக் கரை. கடலுக்குள் பவளப்பாறைகள் உண்டு. கூட்டம் குறைவு. பாறை காலைக் கிழிக்கும், செருப்பு அவசியம்.

3. குந்துகால்: சுவாமி விவேகானந்தர் சிகாகோ சென்று திரும்பியபோது 1897 ஜனவரி 26-ல் வந்து இறங்கிய இடம். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது.

4. தனுஷ்கோடி: ஒரு காலத்தில் நம்ம எழும்பூரில் புறப்படும் போட் மெயில் இங்கே வரை வரும். இறங்கிக் கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையே அழித்துவிட்டது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போது அங்கே இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் சுவர்களும் நிற்கின்றன. சேதமடைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற பொறியாளர் தலைமையில் 46 நாட்களில் சரி செய்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

5. அரிச்சல்முனை: தீவின் கடைசி முனை. இடது பக்கம் ஒரு கடல், வலது பக்கம் ஒரு கடல். நிறமே வேறு வேறு! இங்கிருந்து மணல் திட்டுகள் இலங்கை வரை வரிசையாகப் போகின்றன. குளிர்காலத்தில் போனால் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகளைப் பார்க்கலாம். அவற்றுக்காக 2025-ல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் போனது மே மாதம், ஒன்று கூட இல்லை.

(அரியமான் கடற்கரையைச் சிலர் இந்தத் தீவில் சேர்ப்பார்கள். அது தவறு. அது பாலத்துக்கு முன்னாலேயே, மண்டபத்துக்கு அருகில் உள்ளது.)

அரிச்சல்முனையில் நடந்தது

குளிக்கக் கூடாது என்று அங்கே பலகை இருக்கிறது. என் தம்பி அதைப் படிக்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில்தான் நின்றான். சங்கு விற்கும் ஆயா ஒருவர் "ஏ தம்பி, கரைக்கு வாப்பா!" என்று கத்தினார். அவன் திரும்புவதற்குள் காலடி மணல் சரிந்து இடுப்பு வரை போய்விட்டான். அப்பா ஓடிப்போய் இழுத்தார். தம்பி அழவே இல்லை, அம்மாதான் அழுதாங்க.

ஏன் இப்படி? இரண்டு கடலின் தண்ணீரும் மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள குறுகிய இடைவெளிகளில் புகுந்து ஓடுகின்றன. அதனால் நீரோட்டம் வேகம். மணலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஆழமில்லாத இடம் இன்று பள்ளமாக இருக்கலாம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நம்ம ஊர்க் கடலுக்கும் இது பொருந்தும். கரைக்கு வந்த அலைநீர் சில இடங்களில் ஆறு மாதிரி சேர்ந்து கடலுக்குள் திரும்பும். அங்கே அலை உடையாது. 'அமைதியாக இருக்கே' என்று நாம் அங்கேதான் இறங்குவோம்! மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் மிதக்கப் பார்த்து, கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்கும் முன் அங்குள்ள மீனவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத கடல் இல்லை.

விடுமுறையில் கடலுக்குப் போகும் தோழர்களே, பலகையைப் படியுங்கள். தம்பி தங்கையின் கையை விடாதீர்கள். போன எல்லோரும் பள்ளி திறக்கும் நாளில் வகுப்பில் இருக்க வேண்டும்!

கேள்வி: கார்த்திகை மாதத்தில் ஓலைக்குடாவில் குளிக்கலாமா? ஏன்? (விடை மேலேயே இருக்கிறது, தேடுங்கள்!)

– ஒன்பதாம் வகுப்பு மாணவி